ஜூன் மாத அறிவிப்பு, மிண்டரப் கோல்ஃப் கிளப்

விதைப்பு முடிந்தது.
டிராக்டர் விளக்குகள் வயலைவிட்டு இறங்கிவிட்டன.
ஊர் மறுபடி ஒன்பது மணிக்கே தூங்குகிறது.
சனிக்கிழமைகள் நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

தட்டச்சு செய்பவள் நொலீன் பாஸ்கோ,
கௌரவச் செயலாளர், பதினோராவது வருஷம்.
எதிர்த்து நிற்க ஆளில்லை.
தாள் வழக்கம்போல பீர் ஃபிரிட்ஜின் கதவில்;
வேறெங்கு ஒட்டினாலும் ஒருவரும் படிப்பதில்லை.

ஏழாம் தேதி தனியாட்டம்.
பரிசு, ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சி.
கொடுப்பவர் தன் பெயரைப் போடாதே என்றார்.
போடவில்லை.
மந்தை வைத்திருப்பவர் இங்கே ஒருவர்தான்.

இருபத்தொன்றாம் தேதி பக்கத்து ஊரோடு போட்டி.
போன வருஷம் கொண்டுபோன கோப்பையில்
அவர்கள் ஜெரேனியம் வளர்ப்பதாகக் கேள்வி.
செடியோடு மீட்டு வருவோம்.

ஏழாம் குழியில் ஒரே அடியில் பந்தை இறக்கியதாக
எர்னி வ்லாஹோவ் சொல்கிறார்.
கூட ஆடியவர் இல்லை.
பார்த்தது ஒரு கங்காரு, அதுவும் முதுகைக் காட்டி.
பொய் சொல்பவன் எல்லாருக்கும் பீர் வாங்குவானா,
இது அவர் வாதம்.
வாங்கினார். கமிட்டி ஏற்றுக்கொண்டது.

டோரீனுக்குப் புது இடுப்பு.
பழையதைவிடப் பத்தடி கூடப் போகிறதாம் பந்து.
அறுத்த டாக்டரிடம் மற்ற இடுப்புக்கும்
விலை கேட்டிருக்கிறாள்.

புது உறுப்பினர் ரோவெனா டிசோன்,
ஆஸ்பத்திரி நர்ஸ், செபுவிலிருந்து வந்தவர்.
ரோவெனா, இதை உனக்காகவே எழுதுகிறேன்:
இங்கே பச்சை என்றால் பச்சை அல்ல,
எண்ணெய் ஊறிய கறுப்பு மணல்.
தண்ணீர் இருந்தால் நாங்கள் ஏன் கோதுமையை நம்பப் போகிறோம்.
ஆடி முடித்ததும் கம்பத்தருகே கிடக்கும் இழுவையால்
உன் காலடிகளைத் தேய்த்துவிட்டு வா.
பின்னால் வருபவருக்கு
அங்கே யாரும் நின்றதே இல்லை என்று இருக்க வேண்டும்.

மொத்தம் இருபத்தாறு பேர். போன வருஷம் முப்பத்தொன்று.
இருவர் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள்.
ஒருவர் பெர்த்தில், மகள் வீட்டில்.
மற்ற இருவருக்கும் நாம் பூ அனுப்பினோம்,
ரசீது கோப்பில் இருக்கிறது.

நடுவில் ஒரு தேதியை விட்டுவிட்டேன். பதினான்கு.
கலப்பு இரட்டையர். ஜோடிக்கு ஒரே பந்து,
ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும்.
வியாழக்கிழமை சீட்டு எடுத்தோம்.
ஆண்கள் பெயர் ஐஸ்கிரீம் டப்பாவில்,
பெண்கள் பெயர் என் தொப்பியில்.
மூன்றாவதாக வந்தது லிண்டன் ஹார்டர்.
தொப்பிக்குள் கைவிட்டேன்.
மெரில்.

இரண்டு வருஷமாகிறது அவர்கள் பிரிந்து.
நிலத்தை விற்றார்கள், நாயை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்,
கிளப்பை மட்டும் பங்கு போட முடியாமல்
ஆளுக்கொரு மூலையில் உட்காருகிறார்கள்.
ஐஸ்பெட்டி உறுமியது. எர்னி கூட வாயைத் திறக்கவில்லை.
போட்டுவிட்டு வேற எடு நொலீன் என்றது ஒரு குரல்,
யாருடையது என்று எழுத மாட்டேன்.
என் விரல்கள் சீட்டை மடிக்கத் தொடங்கியிருந்தன.

அப்போது மெரில், கோட்டில் கையை நுழைத்துக்கொண்டே,
பந்து கிடக்கிற இடத்திலிருந்துதானே அடிக்கணும், என்றாள்.
லிண்டன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு
ஒற்றைக் குழிகளில் நீ தொடங்கு, என்றான்.
எனக்கு இரட்டைதான் வசதி.

ஆகவே டிரா மாறாது. அவர்கள் புறப்படுவது
பன்னிரண்டு நாற்பதுக்கு. வேடிக்கை பார்க்க
வேலையில்லாமல் யாரும் வரவேண்டாம்.
எட்டாம் குழியில் வேலி தாண்டும் பந்தைத்
தேடப் போகிறவர்கள் கேட்டை மூடிவிட்டு வரவும்,
அந்த நிலத்துக்குப் புதுச் சொந்தக்காரர் வந்துவிட்டார்.

சூப் முறை: இந்த வாரம் நான். பட்டாணி.
கிண்ணங்களில் நான்கு திரும்பி வரவில்லை.
வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.